பின் ஆக்சிலில் ஒரு வலைமுடிச்சு

மேஜைமேல் பன்னிரண்டு தலைகள் வரிசையாக இருந்தன. ஒன்றுக்கும் உடம்பு இல்லை.

“செஞ்சவன் கைதேர்ந்த ஆளு சார். ஒண்ணு வுடாம கழுத்தாண்டயே வாங்கிகீறான்,” என்றான் முனுசாமி.

கும்மிடிப்பூண்டி சப் இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. துப்பறியும் ஆதிநாராயணனும் சிரிக்கவில்லை. இரும்பு போல்ட்டுகளின் தலைகள்தான் அவை. ஆனால் அவற்றால் போனது ஒரு மனித உயிர்.

நான்கு நாளைக்கு முன், கம்பி ஏற்றிக்கொண்டு பட்டணத்துக்குப் போன லாரி ஒன்றின் பின்சக்கரங்கள், கவரைப்பேட்டை அருகே ஓடிக்கொண்டிருக்கும்போதே இறுகி நின்றுவிட்டன. வண்டி குறுக்கே திரும்பிக் கவிழ்ந்தது. கம்பிகள் கேபினைத் துளைத்துக்கொண்டு முன்னால் வந்தன. டிரைவர் துளசிராமன், திருவாலங்காட்டுக்காரர், ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே செத்துப்போனார்.

குற்றவாளி என்று பிடித்து வைத்திருந்தது மெக்கானிக் நாகமுத்துவை. எளாவூரிலிருந்து தடா வரைக்கும் லாரிக்காரர்கள் அவரை நாகமுத்து மேஸ்திரி என்றுதான் சொல்வார்கள். இன்ஜின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிற டிஃபரன்ஷியலைப் பலப்படுத்துவதில் அவர் பெயர் பெற்றவர். அதற்குள் இருக்கும் கிரவுன் என்கிற பெரிய பல்சக்கரத்தைக் கம்பெனிக்காரன் ரிவிட் அடித்துத்தான் அனுப்புகிறான். ஏழு டன் வண்டியில் பதினொரு டன் ஏற்றினால் ரிவிட் எத்தனை நாள் தாங்கும்? மேஸ்திரி அந்த ரிவிட்டுகளைத் தட்டி எடுத்துவிட்டு, துளையைக் கொஞ்சம் அகலப்படுத்தி, பன்னிரண்டு உயர்ரக போல்ட் போட்டு, அவை தளராமல் தலையோடு தலை சேர்த்துக் கம்பியால் கட்டிக் கொடுப்பார். அப்புறம் அந்த வண்டி மலையையே இழுக்கும் என்று பேச்சு.

இப்போது அந்தப் பன்னிரண்டும் முறிந்து, துண்டுகள் பல்லுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருந்தன.

“இதுல மர்மம் ஒண்ணுமில்ல சார்,” என்றார் சப் இன்ஸ்பெக்டர். “அசல் போல்ட் தலையில கம்பெனிக்காரன் எஸ்னு இங்கிலீஷ் எழுத்து போட்டிருப்பான். இதைப் பாருங்க. எழுத்து கண்ணாடியில பார்க்கிற மாதிரி திரும்பி நிக்குது. போலி. கண்ணு இருக்கிறவன் எவனுக்கும் தெரியும். தெரிஞ்சே போட்டிருக்கான்.”

“அதுதான் எனக்கு இடிக்குது,” என்றார் ஆதிநாராயணன். முன்பு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விபத்து வண்டிகளைப் பரிசோதித்தவர் அவர். முதலாளிக்குப் பிடிக்காத ஓர் உண்மையை எழுதியதற்காக வெளியே அனுப்பப்பட்டவர். “ஏமாத்துறவன் இவ்வளவு பச்சையா ஏமாத்துவானா?”

முனுசாமி அதற்குள் ஒரு தலையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிக்கொண்டிருந்தான். இவரிடம் உதவியாளனாகச் சேருவதற்கு முன் பதினோரு வருஷம் லாரி கிளீனராகத் திரிந்தவன். கிரீஸ் வாசனை வந்தால் அவன் மூளைக்கு நாஷ்டா கிடைத்த மாதிரி. அறுந்த கம்பித் துணுக்கு ஒன்று இன்னும் அந்தத் தலையில் தொங்கியது.

“சார், இந்தக் கட்டைப் பாருங்க.”

“என்ன?”

“மெக்கானிக்குங்க கம்பியைப் பிளையர்ல புடிச்சி முறுக்கி வுட்ருவாங்க. இது முறுக்கு இல்ல, முடிச்சு. எங்க அத்தை ஊடு பழவேற்காடு. ஏரியில மீன் புடிக்கிறவங்க வலையில போடுற முடிச்சு சார் இது. இழுக்க இழுக்க இறுகும்.”

ஆதிநாராயணன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“நாகமுத்து மீன்பிடிக்கிற குடும்பமா?” என்று கேட்டார்.

“இல்ல. கடம்பத்தூர் பக்கம். நெல்லு வெளையற ஊரு,” என்றார் சப் இன்ஸ்பெக்டர்.

முனுசாமிக்கு உடம்பெல்லாம் சூடேறியது. “அப்போ மேஸ்திரி போட்ட அசல் போல்ட்டை அப்பால எவனோ கழட்டிட்டு இந்த டுபாக்கூரை மாட்டிகீறான் சார்! முடிச்சுப் போட்டவனைப் புடிச்சா மேஸ்திரி வெளியே!”

“நாளை சாயங்காலம் நாலு மணிக்குப் பொன்னேரி கோர்ட்டுல அவனை ஒப்படைக்கணும்,” என்றார் சப் இன்ஸ்பெக்டர். “அதுக்குள்ள யாரையாவது பிடிச்சுட்டு வாங்க. எனக்கும் அவன் மேல கோபம் இல்ல.”

பஜாரில் ஜானகியம்மாளின் இரும்புக் கடை ஒடுக்கமாக, ஆனால் உள்ளே ரயில் பெட்டி மாதிரி நீண்டு போனது. ஐம்பது வயதைத் தாண்டிய ஜானகியம்மாள் ஆணிகளை எடை போட்டபடியே பேசினார்.

“அந்த போல்ட்டு நான் குடுத்ததுதான். மறைக்க இன்னா கீது? பட்டணத்திலிருந்து ஒரு ஆளு சைக்கிள்ல பெட்டி கட்டிக்கினு வந்தான். அசல்னான். வாங்கிப் போட்டேன்.”

“இதை வேறு யாராவது வாங்கினாங்களா?” என்றார் ஆதிநாராயணன்.

“ரெண்டு மெக்கானிக் வந்தாங்க. பெட்டியைத் தொறந்து பார்த்தாங்க, மூஞ்சைச் சுளிச்சிக்கினு போய்ட்டாங்க. எனக்கு இங்கிலீஷ் தெரியுமா? எந்த எழுத்து எப்படி நின்னா எனக்கு இன்னா? அப்பால மேஸ்திரி வந்தாரு. அவருகிட்டயே கேட்டேன், இது நல்லதான்னு. தலையைக் கட்டை வெரலால தடவிப் பார்த்தாரு. அசலுதாம்மா, எழுத்து நல்லா எழும்பிகீதுன்னாரு. அவரே சொல்லிட்டாருன்னு நானும் நம்பிட்டேன். ரெண்டு மாசத்துல மூணு தடவையா மூணு டஜன் வாங்கினாரு.”

“தடவிப் பார்த்தாரா?”

“ஆமா.”

“கையில் தூக்கிப் பிடிச்சுப் பார்க்கலையா?”

“இல்லீங்க. அவரு கைதான் ராசின்னு ஊரே சொல்லுது. கண்ணு எதுக்கு?”

ஆதிநாராயணனின் முகத்தில் ஏதோ அணைந்தது. முனுசாமி அதைக் கவனித்தான், ஆனால் புரியவில்லை. அவன் மனம் முழுக்க முடிச்சிலேயே சிக்கியிருந்தது.

“கட்டுற கம்பி யாரும்மா வாங்கிக்கினு போவாங்க?” என்று கேட்டான்.

“எல்லம்மாதான் வரும். மேஸ்திரி பொஞ்சாதி.”

வெளியே வந்ததும் முனுசாமி பைக்கை உதைத்தான். “சார், கெலிச்சுட்டோம். மூணு டஜன்ல ஒரு டஜன் மட்டும் யாரோ மாத்திட்டு...”

“முனுசாமி,” என்றார் ஆதிநாராயணன் பின்னால் ஏறி உட்கார்ந்தபடி. “கொஞ்சம் மெதுவாப் போ. அந்த வீட்டுக்குச் சீக்கிரம் போகணும்னு எனக்கு ஆசையில்லை.”

நாகமுத்துவின் பட்டறை ரயில் பாதை ஓரம், தகரக் கொட்டகை. கொட்டகைக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. வாசலிலேயே எல்லம்மா நின்றிருந்தாள். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். ஆதிநாராயணனைத் தேடி இரண்டு பஸ் மாறி வந்து, “எங்க ஊட்டுக்காரரு பொய் போல்ட்டு போடுற ஆளு இல்லீங்க ஐயா” என்று சொல்லி இந்த வழக்கில் இறக்கியவள் அவள்தான்.

முனுசாமி இறங்கும்போதே சொல்லிவிட்டான். “தங்கச்சி, பயப்படாத. உங்க ஊட்டுக்காரரு வந்துடுவாரு. வேற எவனோ ஆக்சிலைத் தொறந்துகீறான். அவன் போட்ட முடிச்சு எங்க கையில கீது. பாரு.”

கம்பித் துணுக்கை அவள் உள்ளங்கையில் வைத்தான்.

எல்லம்மா குனிந்து பார்த்தாள். அவள் விரல் தானாக அந்த முடிச்சின்மேல் போய் நின்றது. அப்புறம் கையை மூடிக்கொண்டாள்.

“தெரிஞ்ச முடிச்சாம்மா?” என்று கேட்டார் ஆதிநாராயணன்.

மெட்ராஸ் பக்கம் ஒரு கூட்ஸ் வண்டி போயிற்று. அது போய் முடிகிறவரை எல்லோரும் காத்திருந்தார்கள்.

“நீங்க பேசறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன்,” என்றார் ஆதிநாராயணன். “முனுசாமி சொல்றது நிஜம்னா, கெட்டது அந்த ஒரு லாரிதான். உங்க வீட்டுக்காரர் நாளைக்கே வெளியே வரலாம். நான் கோர்ட்டில் சொல்வேன், நம்புவாங்க. ஆனா யாரும் ஆக்சிலைத் திறக்கலைன்னா, அந்தப் போலி போல்ட் முதல்லேயே உள்ளே போனது. மூணு டஜன் வாங்கியிருக்கார். அப்போ இன்னும் ரெண்டு லாரி அதோட ஓடிக்கிட்டிருக்கு. ரெண்டு டிரைவர் உட்கார்ந்து ஓட்டிக்கிட்டிருக்காங்க. நீங்க ஒண்ணும் சொல்லாம இருந்தாலும் நான் உங்களைத் தப்புச் சொல்ல மாட்டேன்.”

முனுசாமி ஆளை மாற்றி ஆளைப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அன்றைக்குத் தேடி வந்தபோது இவள் பேச்சில் பழவேற்காட்டுப் பெண்கள் பேசுகிற மாதிரி ஒரு நீட்டல் இருந்தது. அத்தை வீட்டில் கேட்ட அதே நீட்டல்.

“நான்தாங்க கட்டினேன்,” என்றாள் எல்லம்மா.

“எதுக்கும்மா நீ...” என்று ஆரம்பித்தான் முனுசாமி.

“அவருக்குக் கண்ணு தெரியாதுண்ணா.”

சொன்ன பிறகு அவளே பயந்துபோனவளாகக் கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள், அவர் அங்கே நின்று கேட்டுக்கொண்டிருப்பதைப் போல.

“ரெண்டு வருசமாச்சு. பட்டணத்து ஆஸ்பத்திரியில பார்த்துட்டு, வைத்தியம் கெடையாதுன்னு சொல்லிட்டாங்க. வெளியே ஒருத்தருக்கும் சொல்லக்கூடாதுன்னு என் தலையில அடிச்சி சத்தியம் வாங்கிக்கினாரு. நெட்டு, போல்ட்டு எல்லாம் கைத்தடவல்லயே பூட்டிடுவாரு. ஒரு மயிரிழை தப்பாது. கம்பி மட்டும் மெல்லிசு. அதான், பல்சக்கரக் கூண்டைக் கழட்டி ஊட்டுக்குள்ள எடுத்தாந்துடுவாரு, நான் கட்டுவேன். எனக்கு எழுத்து தெரியாது, இந்த ஒரு முடிச்சுதாங்க தெரியும். எங்கம்மா கத்துக்குடுத்தது. அவுராது.” அவள் கையைத் திறந்து மீண்டும் பார்த்தாள். “அவுரவே இல்லையே ஐயா. என் முடிச்சு அவுரவே இல்லை.”

அது உண்மை. முடிச்சு அவிழவில்லை. போல்ட்தான் முறிந்திருந்தது.

லாக்கப்பில் நாகமுத்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். காலடி ஓசை கேட்டதும், “வலது கால் ஷூல ஆணி எழும்பிகீது சார். தைக்கக் குடுங்க,” என்றார். ஆதிநாராயணன் தன் காலைப் பார்த்துக்கொண்டார்.

எல்லம்மா சொன்னதை அவர் சொல்லி முடிக்கிறவரை மேஸ்திரி அசையவில்லை.

“நடுவுல ஒரு பொக மாதிரி சார்,” என்றார் கடைசியில். “ஓரத்துல மட்டும் கொஞ்சம் தெரியும். எழுத்து எழும்பிகீதான்னு வெரலு சொல்லிச்சி. திரும்பி நிக்குதுன்னு வெரலு சொல்லலை. துளசிராமன் நல்ல மனுசன். வண்டி வாங்கிக்கினு போகச்சொல்ல, ‘உன் கைபட்டா நான் தூங்கிக்கினே ஓட்டுவேன் மேஸ்திரி’ன்னாரு.”

அவர் முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை. ஈரம் தாடையிலிருந்து சட்டைக்கு இறங்கியது.

“நீங்க ஏமாத்தலைன்னு இப்போ நிரூபிக்க முடியும்,” என்றார் ஆதிநாராயணன்.

“வாணாம் சார். ஏமாத்துனேன்னே எழுதிக்கட்டும். கண்ணு தெரியாதவன் வண்டி ரிப்பேர் பண்ணான்னு மட்டும் எழுத வாணாம். ஏமாத்துனவனுக்கு வெளியே வந்தா வேலை குடுப்பாங்க. இவனுக்கு எவன் குடுப்பான்?”

“மேஸ்திரி, இன்னும் ரெண்டு வண்டி இருக்கு. நம்பர் சொல்லுங்க.”



“நம்பர் பார்த்தாத்தானே சார் தெரியும்?”

“டிரைவர் பேரு? முதலாளி?”

“ரெண்டும் ஆந்திராக்கார வண்டிங்க. கேள்விப்பட்டு வந்தாங்க, ஒரே தபா. அவங்க எல்லாரையும் நான் நைனான்னுதான் கூப்புடுவேன், அவங்களும் என்னை நைனாம்பாங்க. எனக்கு வண்டிச் சத்தம்தான் சார் தெரியும். ஒண்ணு மூணாவது கியர்ல முனகும். இன்னொண்ணுக்கு சைலன்சர்ல ஓட்டை, நிக்கும்போது ரெண்டு தபா இருமிட்டுத்தான் நிக்கும். எங்கே இருந்தாலும் சொல்லிடுவேன்.”

முனுசாமி ஆதிநாராயணனைத் திரும்பிப் பார்த்தான்.

சப் இன்ஸ்பெக்டரைச் சம்மதிக்க வைக்க ஒரு மணி நேரம் பிடித்தது. மறுநாள் காலை ஆறு மணிக்கு ஆரம்பாக்கம் செக்போஸ்ட்டில், வடக்கே போகிற லாரியும் தெற்கே வருகிற லாரியும் நின்று சீட்டுக் காட்டுகிற இடத்தில், வேப்பமரத்தடியில் ஒரு பெஞ்சு போட்டார்கள். நாகமுத்துவின் இடது கையைப் பெஞ்சின் காலோடு விலங்கு போட்டுப் பூட்டினார்கள். வலது கையைத் தூக்கினால் அந்த வண்டியை ஓரங்கட்ட வேண்டும். அதுதான் ஏற்பாடு.

ஏழு மணி. எட்டு மணி. வைக்கோல், உப்பு, நெல்லூர் அரிசி, சவுக்குக் கட்டை. லாரிகள் வந்துகொண்டே இருந்தன. மேஸ்திரி தலையைச் சாய்த்துக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு வண்டிக்கும் உதடு லேசாக அசையும்.

ஒன்பதரைக்கு, தெற்கேயிருந்து வந்த பச்சை லாரி ஒன்று கியர் மாற்றும்போது முனகியது. மேஸ்திரியின் கை விருட்டென்று மேலே போனது.

டிரைவர் இறங்கி வந்து, விலங்கோடு இருந்தவரைப் பார்த்துத் திகைத்து, “நைனா!” என்றார்.

முனுசாமிக்கு உயிர் வந்தது. பக்கத்துப் பட்டறையிலிருந்து ஒரு மெக்கானிக்கை இழுத்து வந்தான். ஆக்சிலை உருவி, கூண்டை இறக்க வேண்டும். இரண்டு பேரும் வண்டிக்கு அடியில் புகுந்தார்கள். செக்போஸ்ட் சிப்பந்திகள், காவலுக்கு வந்த கான்ஸ்டபிள், சும்மா போனவர்கள் எல்லோரும் வேடிக்கை பார்க்கக் கூடினார்கள். துருவேறிய நட்டுகளைச் சம்மட்டியால் அடித்தே கழற்ற வேண்டியிருந்தது.

“புள்ளை பொறந்தா குரல் குடுக்கறேன் சார்!” என்று அடியிலிருந்து கத்தினான் முனுசாமி. மேலே சிரித்தார்கள். வெகு நாளைக்கு அப்புறம் அன்றைக்குத்தான் அவன் பேச்சுக்கு அத்தனை பேர் சிரித்தார்கள்.

பன்னிரண்டரைக்குக் கூண்டு தரையில் இறங்கியது. பன்னிரண்டு தலைகள். பன்னிரண்டிலும் எஸ் திரும்பி நின்றது. அவற்றில் மூன்று ஏற்கெனவே கழுத்தில் விரிசல் விட்டிருந்தன. நடுவே எல்லம்மாவின் முடிச்சு, வலை போல, ஒரு கண்ணிகூடத் தளராமல். பச்சை லாரியின் டிரைவர் அதைப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். ஊரில் கைக்குழந்தை இருப்பதாகத் தெலுங்கில் திரும்பத் திரும்பச் சொன்னார்.

முனுசாமி கூண்டிலிருந்து கழற்றிய போல்ட் ஒன்றை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்கு ஓடினான். “மேஸ்திரி! ஒருத்தனைக் காப்பாத்திட்டே!”

நாகமுத்துவின் வலது கை மேலே தூக்கியபடி இருந்தது. விலங்கு மாட்டிய இடது மணிக்கட்டு சிவந்து, தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. பெஞ்சு நான்கைந்து அடி நகர்ந்து கிடந்தது.

“போச்சு சார்,” என்றார். “ரெண்டு தபா இருமிச்சி. நின்னுச்சி. போச்சு. கையைத் தூக்கினேன். கத்தினேன். சம்மட்டிச் சத்தத்துல யாருக்கும் கேக்கலை.”

“எப்போ?”

“அரை மணி இருக்கும். வடக்கே. நெறைய லோடு. ஸ்பிரிங்கு அமுங்கிக் கீழே உக்காந்து போச்சு.”

“கையை இறக்கு மேஸ்திரி,” என்றான் முனுசாமி. அவர் இறக்கவில்லை. அவன்தான் பிடித்து மெல்ல இறக்கிவிட்டான்.

ஆதிநாராயணன் பைக்கைச் சுட்டினார். “மேஸ்திரியைப் பின்னால் ஏத்திக்கிட்டுப் போ. அவர்தான் அடையாளம் சொல்ல முடியும்.”

கான்ஸ்டபிள் குறுக்கே வந்தான். வேடிக்கை பார்த்த குற்றம் அவன் முகத்தில் இருந்தது, ஆனாலும் வழிவிடவில்லை. “அந்தாண்ட ஆந்திரா சார். கைதியைத் தாண்டி அனுப்பினா என் வேலை போய்டும். நாலு மணிக்குக் கோர்ட்டு வேற.”

முனுசாமி தனியே போனான். தடா தாண்டி சூளூர்பேட்டை வரைக்கும் கைப்பிடியைத் திருகிப் பிடித்தபடி போனான். பாதையோர ஓட்டல்களில் சாப்பாட்டு வேளை. இருபது, முப்பது லாரிகள் இன்ஜினை அணைத்துவிட்டு வரிசையாக நின்றன. எல்லாமே நிறைய லோடு. எல்லாமே கீழே உட்கார்ந்துதான் இருந்தன. ஒவ்வொரு டிரைவரிடமும் போய், “கும்மிடிப்பூண்டியில கிரவுன் போல்ட்டு மாத்தினியா நைனா?” என்று கேட்டான். சிலர் இல்லை என்றார்கள். சிலர் தமிழ் தெரியாது என்று கையை விரித்தார்கள். அதற்கப்புறமும் சாலை நீண்டுகொண்டே போயிற்று, வடக்கே, நாயுடுபேட்டை, நெல்லூர், அதற்கும் மேலே. பெட்ரோல் முள் அடியைத் தொட்டதும் திரும்பினான்.

அவன் வந்து சேர்ந்தபோது மணி மூன்று. செக்போஸ்ட் அறையில் ஆதிநாராயணன் டெலிபோனைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். நெல்லூர் போலீசுக்கு டிரங்க் கால் அப்போதுதான் கிடைத்திருந்தது. வெளியே பொன்னேரிக்குப் போக ஜீப் தயாராக இருந்தது. விலங்கோடு நாகமுத்துவைக் கான்ஸ்டபிள் வாசலில் பிடித்துக்கொண்டிருந்தான்.

ஆதிநாராயணன் தெரிந்த தெலுங்கில் எல்லாவற்றையும் சொன்னார். ஒரு லாரியை நிறுத்த வேண்டும். பின் ஆக்சில் எப்போது வேண்டுமானாலும் முறியும். டிரைவருக்கு ஆபத்து.

மறுமுனைக்காரர் நல்ல மனிதர்தான். உடனே பென்சில் எடுத்திருப்பார் போலிருந்தது.

“நம்பரு செப்பண்டி,” என்று லாரி நம்பரைச் சொல்லச் சொன்னது குரல்.

ஆதிநாராயணன் ரிசீவரைக் காதிலிருந்து எடுத்தார். முனுசாமியைப் பார்த்தார். முனுசாமி தரையைப் பார்த்தான்.

“நம்பரு, நம்பரு,” என்றது டெலிபோன் மறுபடி.

நாகமுத்து கான்ஸ்டபிளையும் இழுத்துக்கொண்டு, சுவரைத் தடவியபடி அறைக்குள் வந்தார். குரல் வந்த திசையில் கையை நீட்டினார். ஆதிநாராயணன் ரிசீவரை அவர் வாயருகே பிடித்தார்.

மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டார். தொண்டைக்குள்ளிருந்து அந்த லாரியை ஓட்டிக்கொண்டு வந்தார். சைலன்சர் ஓட்டையில் காற்று படபடத்தது, கியர் இறங்கியது, பிரேக் பிடித்தது. இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது.

“ஹலோ?” என்றது நெல்லூர். “ஹலோ?”

அவர் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.